பறவைத் தொல்லைக்குப் பருந்தை வேலைக்கு வைக்கலாமா?

நவரை நெல் பால் கட்டும் பருவம் வந்தால், சென்னீர்குப்பம், பூந்தமல்லிப் பக்கத்து உழவர் விடியுமுன்னே கழனியில் நின்று தகரம் தட்ட வேண்டியிருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல் நின்ற காலத்தில் சில்லைக் குருவிகள் எல்லார் கழனியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தின. இழப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. சுற்றிலும் வீட்டு மனைகளும் கிடங்குகளும் எழும்பிவிட்ட இன்று, மிஞ்சி நிற்கும் ஓரிரு ஏக்கரில் அத்தனைக் கூட்டமும் இறங்குகிறது. "வெளிநாட்டில் பருந்தைப் பழக்கிப் பறவை விரட்டுகிறார்களாமே, அது நமக்கு ஆகாதா?" என்று உழவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

அங்கே அது கூலிக்குச் செய்யப்படும் தொழில். விமான நிலையங்களிலும் குப்பைக் கிடங்குகளிலும் பழத் தோட்டங்களிலும் பழக்கிய பருந்தைப் பறக்கவிட்டுக் காகம், புறா, மைனா இனங்களை விரட்டுகிறார்கள். இலண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் அரங்கில் புறாக்களை விரட்ட ரூஃபஸ் என்ற பருந்து பல ஆண்டுகள் காலை வேளையில் பறக்கவிடப்பட்டது. பழக்குவதன் சூட்சுமம் பறவையின் பசியில் இருக்கிறது. நாள்தோறும் பருந்தைத் தராசில் நிறுத்துகிறார்கள். வயிறு நிறைந்த பருந்து அழைத்தாலும் கைக்குத் திரும்பாது. எடை மிகக் குறைந்தால் பறக்கத் தெம்பு இராது. இரண்டுக்கும் இடைப்பட்ட எடையில் வைத்துப் பறக்கவிட்டு, திரும்பி வந்ததும் கையுறையில் ஓர் இறைச்சித் துண்டு கொடுப்பதே அதற்குக் கூலி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பருந்து பறவைகளைக் கொன்று குறைப்பதில்லை, அச்சுறுத்துகிறது, அவ்வளவே. சில நாள் வராவிட்டால் பழைய கூட்டம் திரும்பிவிடும். ஆகவே பழக்குநரும் பருந்தும் பருவம் முழுதும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர்க்காரருக்கு இந்தச் செலவு கட்டாது.

நம் நாட்டில் சட்டமும் இடம் தராது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பருந்து, வல்லூறு, கழுகு, ஆந்தை எதையும் பிடிப்பதோ, வளர்ப்பதோ, விற்பதோ குற்றம். கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் அதில் சேரும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமே என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிடித்துப் பழக்காமலே பயன் பெற வழி உண்டா? நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் 2005 முதல் மலைப்பகுதி வல்லூறுக் குஞ்சுகளைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து, தொடக்கத்தில் இரை கொடுத்து, சுதந்திரமாகவே வாழவிட்டார்கள். வல்லூறு குடியிருந்த தோட்டங்களில், அது இல்லாத தோட்டங்களைவிடப் பறவைகள் பறித்துச் சென்ற திராட்சை 95 சதவீதம் குறைவு என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சேலாப்பழத் தோட்டங்களில் கூடு கட்டப் பெட்டி வைத்துச் சிறு வல்லூறுகளை வரவழைத்தபோதும் பழந்தின்னிப் பறவைகள் குறைந்தன.

நம் கழனியோர மரங்களிலும் வல்லூறு இருக்கிறது. சாம்பல் நிற முதுகும் வயிற்றில் செம்பழுப்புக் கோடுகளும் உடைய, புறா அளவுப் பறவை. அது பக்கத்தில் வந்தால் குருவிக் கூட்டம் விருட்டென்று கலைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்காக நெல்லை அது காத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சில்லைகள் பெருங்கூட்டமாக வருபவை. வல்லூறு ஒன்று வந்து போனால் சற்று நேரத்தில் மறுபடி இறங்கிவிடும். ஓணான், தவளை கிடைத்தால் வல்லூறும் அதிலேயே நின்றுவிடும்.

இரைபிடிப் பறவைகளால் நமக்குத் திடமான ஆதாயம் எலி ஒழிப்பில்தான். கூகை ஓர் இரவில் ஒன்றிரண்டு எலி தின்னும். கூட்டில் குஞ்சு இருந்தால் இன்னும் பல கொண்டு போகும். நம் மக்கள் பலர் உழைத்த மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைத்தே எலியைக் கட்டுப்படுத்தினார்கள். இங்கேயோ, கூகை அலறினால் வீட்டில் சாவு என்று கல்லெறிந்து துரத்துகிறோம். அலறல் தன் எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும் எழுப்பும் ஒலியே. பாழடைந்த கட்டடத்திலும் மரப்பொந்திலும் அது தங்கினால் விட்டுவிடுங்கள்.

கூகையும் சிற்றாந்தையும் உட்கார்ந்து எலியைக் குறி பார்க்கக் கழனியில் இடம் வேண்டும். ஐந்தாறு அடி உயரக் கம்பின் தலையில் ஒரு குறுக்குக் கட்டையைக் கட்டி ஏக்கருக்கு 16 முதல் 20 வரை ஊன்றலாம். காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். காவிரிப் படுகையில் இதை வழக்கமாகவே செய்கிறார்கள். குறுக்குக் கட்டை வழவழப்பாக இருந்தால் பறவைக்குப் பிடிமானம் கிடைக்காது. பகலில் இதே தாங்கியில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும்.

நட்ட சில நாளில் ஊன்றிய தாங்கிகளைக் கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் எலிக்கு வைத்த நாற்காலியில் குருவி உட்கார்ந்து நெல் தின்னும். இதைச் செய்யாதவர்களே "தாங்கி வைத்ததால்தான் குருவி வந்தது" என்று குறை சொல்கிறார்கள்.

அந்தப் பருவத்திலிருந்து அறுவடை வரை ஒளிரும் நாடா உதவும். ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் வெள்ளிப் பளபளப்பும் உள்ள நாடாவை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, பயிருக்கு ஓர் அடி மேலே, வடக்கு தெற்காகக் கம்பங்களில் இழுத்துக் கட்டுங்கள். வெயிலில் மின்னியும் காற்றில் உறுமியும் குருவியை மிரட்டும். முன்கூட்டியே கட்டினால் பழகிப் போய்விடும். பால் பிடிக்கும் நாளில் கட்டுவதே சரி. தகரம் தட்டுவதை அடியோடு நிறுத்திவிடாமல் காலையிலும் மாலையிலும் தொடருங்கள்.

எலி மருந்தைப் பற்றி ஒரு சொல். புரோமடியலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் சேர்ந்து சாகக்கூடும். கூகை வந்துபோகும் கழனியில் தஞ்சாவூர் வில் கிட்டியே முதலில் வையுங்கள். மருந்து வைத்தே ஆகவேண்டுமென்றால், தினமும் காலையில் வரப்பைச் சுற்றி வந்து, செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.