களிமண்ணுக்கு ஞாபகம் உண்டு

பொங்கல் விழாவன்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். நவி மும்பையில், கழிமுகச் சேற்றை மேடாக்கிக் கட்டிய அடுக்குமாடியில் குடியிருப்பவர். "சார், எங்க பில்டிங் வாசப்படிக்கும் காம்பவுண்டுத் தரைக்கும் நடுவுல ஒரு சாண் பள்ளம் விழுந்துடுத்து. போன வருஷந்தான் ஒரு படி கூடப் போட்டோம். பில்டிங் மேலே எழும்பறதா?" என்றார். கட்டிடம் எழும்பவில்லை, அது பைல் அடித்துக் கெட்டித் தரையில் நிற்கிறது, சுற்றியுள்ள மண்தான் இறங்குகிறது என்றேன். "இன்னும் ஒரு வருஷத்துல நின்னுடும்னு கான்ட்ராக்டர் சொல்றாரே?" என்றார். சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. அன்று விளக்க முடியவில்லை. அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தவன் என்பதால், பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கழிமுகத்துக் களிமண் நீர் குடித்த ஸ்பாஞ்சைப் போன்றது. துவாரங்கள் மட்டும் மிக மிக நுண்ணியவை. மேலே பாரம் ஏற்றியவுடன் அதை முதலில் தாங்குவது மண் அல்ல, துவாரங்களில் அடைபட்ட நீர். அந்த நீரழுத்தம் மெல்லக் கசிந்து வடிய வடிய, பாரம் மண்துகள்களின் மேல் இறங்குகிறது, மண் சுருங்குகிறது, தரை தாழ்கிறது. இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி 1920-களில் இதற்குக் கணக்கு எழுதியபோது, வெப்பம் பரவுவதற்கு 1822-இல் ஃபூரியே தந்த அதே சமன்பாடு வந்து நின்றது. சாம்பாரில் கிடக்கும் கரண்டியின் காம்புக்குச் சூடு ஏறுவதும், சேற்றிலிருந்து அழுத்தம் வடிவதும் ஒரே கணக்கு. விரவல் சமன்பாடு என்பது இதுதான்.

இதில் காலம், தூரத்தின் வர்க்கமாக வளரும். 10 மீட்டர் கனமுள்ள களிமண்ணில் நீர் மேல்பக்கமாக மட்டுமே வெளியேற முடியும் என்று வைத்துக்கொள்வோம். விரவல் எண் ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால், 90 சதவீதம் முடிய ஏறக்குறைய 85 ஆண்டுகள். அடியிலும் மணல் இருந்து இருபுறமும் வடிந்தால் 21 ஆண்டுகள் போதும். இதனால்தான் நாங்கள் சேற்றில் நெருக்கமாகத் துளையிட்டு மணல் நிரப்புவோம். நீர் ஓரிரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். ஆண்டுக் கணக்கு மாதக் கணக்காகிவிடும்.

இன்னொரு குணம், இந்தச் சமன்பாட்டுக்கு மறதி அதிகம். இந்த நிமிஷம் எங்கே எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் கேட்கும். நேற்று நடந்ததைக் கேட்காது. ஆகவே கடைசிக் கட்டத்தில் மிச்சம் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை பாதியாகும்: 100, 50, 25, 12.5. பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சாது.

இதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். 1980-களின் பிற்பகுதி. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து சில வருஷங்களே ஆன இளவயது. மும்பைப் பக்கம் ஒரு கழிமுகப் பாலத்தை ஒட்டிய மண் கரை என் பொறுப்பு. மணல் துளைகள் போட்டாயிற்று. மாதாமாதம் மட்டம் எடுத்துக் கிராஃப் வரைந்தேன். 14ஆம் மாதம் கோடு படுத்துவிட்டது. பீசோமீட்டரிலும் மிகை நீரழுத்தம் இல்லை. 'இறக்கம் நின்றுவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. கேங் மேட் ஒருநாள் என்னைத் தேடி வந்தார்; மராட்டியர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "சாஹேப், பாலத்து முனையில வண்டி குதிக்குது. நாங்களும் ஜல்லி போட்டுத் தூக்கிக்கிட்டேதான் இருக்கோம்" என்றார். 38ஆம் மாதம் அது. தூக்கிய ஜல்லியையும் கணக்கில் சேர்த்தால் கரை 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பாலம் இம்மியும் அசையவில்லை. அதன்மேல் பயணி வண்டிகள் முழுவேகத்தில் போய்க்கொண்டிருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு நான் தூங்கவும் இல்லை. மறுநாள் காலை காஷன் ஆர்டர் மறுபடி வந்தது.

பழைய அளவுகளை லாக் கிராஃப் பேப்பரில் மறுபடி வரைந்தேன். சாதாரணத் தாளில் படுத்துக் கிடந்த கோடு இதில் நேர்கோடாகச் சரிந்துகொண்டிருந்தது. 14இலிருந்து 38 வரை 5 சென்டிமீட்டர் என்றால், அடுத்த 5 சென்டிமீட்டர் சுமார் 103ஆம் மாதத்தில் என்றது கணக்கு. இந்த லாக் விதியை டச்சுக்காரர் பாய்ஸ்மன் 1936-லேயே ஹார்வர்டில் நடந்த முதல் மண் இயக்கவியல் மாநாட்டில் சொல்லிவிட்டார். எங்கள் பாடப்புத்தகத்தில் கூட அரைப்பக்கம் இருந்தது. தேர்வுக்கு வராது என்று விட்டிருந்தேன்.

நீர் வடிந்த பிறகும் மண்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பாரம் எப்போது விழுந்தது என்ற பழைய கணக்கு இன்றைய இறக்கத்தில் பங்கு கேட்கிறது. இப்படிப்பட்ட பின்விளைவுக்குப் போல்ட்ஸ்மன் 1874-லேயே வழி சொன்னார்: கடந்த ஒவ்வொரு கணத்துக்கும் ஓர் எடை கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டிச் சமன்பாட்டில் சேர்த்துவிட வேண்டும். மளிகைக்கடைப் பற்றுவரவு நோட்டைப் போலத்தான். பழைய பற்றுக்கு எடை குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை.

கடைசியில் எல்லாம் அடங்குமா என்பதே கேள்வி. ஞாபகமுள்ள மீள்பொருள்களில் அசைவு அடங்கும் என்று டஃபர்மோஸ் 1970-இல் நிரூபித்தார். எவ்வளவு சீக்கிரம் என்பதைப் பின்வந்தவர்கள் ஆராய்ந்தார்கள். பழைய கணங்களின் எடை பாதி, அதில் பாதி என்று விரைவாகக் குறைந்தால் தீர்வும் அப்படியே விரைந்து அடங்கும். எடை மெதுவாகத் தேய்ந்தால் தீர்வும் மெதுவாகத்தான் தேயும்; ஞாபகத்தை முந்திக்கொண்டு ஓட முடியாது. களிமண் இரண்டாவது ரகம். அதற்காக லாக் கோடு என்றென்றைக்கும் போகும் என்று எண்ண வேண்டாம். போனால் என் கரை பாதாளத்துக்கே போயிருக்கும். சில பத்தாண்டுகளுக்கு நம்பலாம்.

இதே ஞாபகத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். வரப்போகும் பாரத்தைவிட அதிகமாக மண்ணைக் குவித்து, சில மாதங்கள் வைத்திருந்து, மிகையை எடுத்துவிடுவோம். பெரிய பாரத்தைப் பார்த்துவிட்ட களிமண், பிறகு சிறிய பாரத்துக்கு அவ்வளவாக அசையாது. பிற்பாடு நான் போட்ட கரைகளிலெல்லாம் இதைச் செய்யாமல் தண்டவாளம் வைக்க விட்டதில்லை. 'செலவு, தாமதம்' என்று மேலே முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

இனி நண்பருக்கு. மண் கொட்டி ஆறு வருஷம் என்றார். நீர் முழுக்க வடிந்துவிட்டதென்றால், மூன்றாம் வருஷத்திலிருந்து ஆறுவரை இறங்கிய அளவு ஏறக்குறைய ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் மறுபடி இறங்கும். மணல் துளை போடாத இடமானால் நீரே இன்னும் வடிந்துகொண்டிருக்கலாம். அப்போது இன்னும் அதிகம். வாசல் தூணில் தரை மட்டத்தைப் பெயிண்டால் கோடிட்டுத் தேதி எழுதச் சொன்னேன். ஆறு மாதத்துக்கொரு முறை அளந்து என்னிடம் தந்தால் லாக் தாளில் நான் போட்டுத் தருகிறேன். கட்டிடத்திலிருந்து வெளியே வரும் கழிவுநீர்க் குழாயும் காஸ் குழாயும் தரையோடு சேர்ந்து இறங்கி மூட்டில் விரியும். வளைந்து கொடுக்கும் இணைப்பாக உடனே மாற்ற வேண்டும், இதைத் தள்ளிப்போடக் கூடாது. புதுப் படியைச் சிமெண்ட் பூசி ஒட்டாமல், தூக்கி வைக்கும் கல்லாகவே போடச் சொல்லியிருக்கிறேன்.