கடைசிப் பிள்ளையின் கைக்கும் பந்து போகவேண்டும்

2011ஆம் ஆண்டில், வன்னியில் மீளக்குடியேறிய ஒரு கிராமத்துக்கு ஒரு கூடைப்பந்துடன் போனோம். தகரக் கொட்டில்கள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் பற்றை வெட்டவும் கிணறு இறைக்கவும் போய்விட, பிள்ளைகள் பின்னேரங்களில் வீதியோரம் குந்தியிருந்தார்கள். ஒரு விளையாட்டாவது பழக்குவோமே என்று எண்ணினோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதற்கு மேல் எந்த ஆயத்தமும் எம்மிடம் இருக்கவில்லை.

முப்பது பிள்ளைகள் வந்தார்கள். இருந்தது ஒரேயொரு பந்து. அவர்களை நீண்ட வரிசையில் நிறுத்திக் கால்மணி நேரம் விதிகளை விளக்கினோம். பிறகு ஒவ்வொருவராகப் பந்தைத் தட்டிச் சென்று எறியும்படி சொன்னோம். வரிசையின் பின்பக்கம் தள்ளுப்பட்டது. அதை அடக்குவதற்காக இரண்டு கெட்டிக்காரப் பையன்களைத் தலைவர்களாக்கி, தத்தமது அணிக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய விட்டோம். அவர்கள் வளர்ந்தவர்களையும் ஓடக்கூடியவர்களையும் முதலில் கூப்பிட்டார்கள். கடைசியில் மிஞ்சியவள், இடுப்பில் தம்பியை வைத்திருந்த ஒரு பத்து வயதுச் சிறுமி. அவளை எவரும் கூப்பிடவில்லை. அவள் மெல்லக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டாள். நாம் கண்டும் காணாதவர் போல் விசிலை ஊதினோம்.

இருட்டும் நேரத்தில் அவளின் தாய் வந்தார். "சுவாமி, பிள்ளை அழுதுகொண்டு படுத்திட்டாள். தனக்கு விளையாட்டு வராதாம். பந்தை ஒருக்காலும் தொடேல்லையாம். தொடாமல் என்னெண்டு சுவாமி வாறது?" என்று கேட்டார்.

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். முப்பது பிள்ளைகள், ஒரு பந்து, ஒருவருக்கு இருபது விநாடி என்றால், ஒரு பிள்ளைக்கு முறை வருவது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒரு மணித்தியாலத்தில் ஆறு தடவை. ஆக, அறுபது நிமிடத்தில் இரண்டு நிமிடமே பந்து கையில் இருக்கும். மிச்சம் ஐம்பத்தெட்டு நிமிடமும் காத்துநிற்பது. காத்துநிற்கும் பிள்ளை தள்ளத்தான் செய்யும், அல்லது போய்விடும்.

வயல் செய்கிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் தாம் வேண்டியமட்டும் தண்ணீரைத் திருப்பிக்கொண்டால் கடைசி வயல் வெடித்துப்போகும். அதற்காகத்தான் தண்ணீர் முறை வைக்கிறோம். பந்தும் வாய்க்கால் தண்ணீர் போன்றதே. முறை வைக்காவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையிடமே அது தேங்கிநிற்கும். விளையாட்டுப் பயிற்சியைத் திட்டமிடுவது என்பது இந்த முறையை முன்கூட்டியே வகுத்துவைப்பதுதான்.

கையிலிருந்ததைக் கொண்டு பிறந்த விளையாட்டு

கூடைப்பந்தாட்டம் பட்டணத்துக் கல்லூரிகளுக்கே உரியது, அதற்குச் சீமெந்து நிலமும் இரும்புக் கம்பமும் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தோன்றிய விதம் அப்படியல்ல.

1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியரிடம் அடங்காத மாணவர் பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. வெளியே கடுங்குளிர். மண்டபத்துக்குள் விளையாடக்கூடிய ஒரு விளையாட்டை இரண்டு கிழமைக்குள் உருவாக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் கேட்டது இரண்டு பெட்டிகள். கிடைத்ததோ பீச் பழம் போடும் இரண்டு கூடைகள். அவற்றை மண்டபத்தின் மேல்மாடக் கைப்பிடியில், பத்தடி உயரத்தில் அறைந்தார். உதைபந்து ஒன்றைக் கொண்டே ஆடினார்கள். கூடைக்கு அடி இருந்தபடியால், பந்து விழுந்தபோதெல்லாம் ஏறித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

அவர் எழுதிய பதின்மூன்று விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. ஓடினால் மற்றவன் பாய்ந்து விழுத்துவான், சண்டை வரும். கூடையைத் தலைக்கு மேல் வைத்ததற்கும் காரணம் உண்டு. உயரத்தில் இருக்கும் கூடைக்குள் பந்தை மூர்க்கமாக வீசிப் போட முடியாது, நிதானமாகத்தான் எறியவேண்டும். சினங்கொண்ட பிள்ளைகளை ஒன்றாக விளையாடவைப்பதற்கென்றே அமைக்கப்பட்ட விளையாட்டு இது. பல ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே குடியிருப்பில் வளரும் பிள்ளைகளுக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை.

எமது மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர்களுள் ஒருவர், 1948இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவியான யூஜின் ஹேபர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடச் சென்ற இளைஞருடன் அவர் காணாமற்போனார். அவர் பழக்கிய விளையாட்டு மட்டக்களப்பில் நின்றுவிடவில்லை. அவரிடம் கற்ற பிள்ளைகளோடு அது தொடர்ந்தது.

நிலமும் கூடையும்

முதலில் நிலம். கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்பட்ட இடமாக இருக்கவேண்டும். அப்படி உறுதியில்லாத பற்றைக்குள் பந்து போனால் எடுக்கப் போகக்கூடாது; பந்து போனால் போகட்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். பிறகு கண்ணாடித் துண்டு, முள்ளு, கூரான கல் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். அநேகமான பிள்ளைகள் வெறுங்காலுடன்தான் வருவார்கள்.

சூடடிக்கும் களம் இருந்தால், அறுவடை இல்லாத காலத்தில் அதைவிட நல்ல மைதானம் வேறில்லை. இல்லாவிட்டால், களம் போடுவதுபோலப் புற்றுமண்ணைப் பரவி, தண்ணீர் தெளித்து, மொங்கானால் இடித்து இறுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு பாகம் நீளமான இடம் போதும். மணற்பாங்கான இடத்தில் பந்து எழும்பாது. அங்கே தட்டி ஓடுவதை விட்டு, கைமாற்றி எறிவதை மட்டும் பழக்கலாம்.

வளர்ந்தோரின் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு 2.60 மீற்றர், ஏறக்குறைய எட்டரை அடி. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆறேழு அடியில் வைத்தாலும் பிழையில்லை. எட்டாத உயரத்துக்கு எறிந்து எறிந்து தோற்கிற பிள்ளை மறுநாள் வராது. அடி வெட்டிய பெரிய கடகமோ, கம்பி எடுத்த சைக்கிள் வளையமோ கூடையாகும். கம்பத்தை மூன்றடி ஆழத்துக்குப் புதைத்து இறுக்குங்கள். ஆடுகிற கம்பம் பிள்ளையின் மேல் விழும் கம்பம்.

பந்தைப் பொறுத்தவரை, சிறுவருக்கு ஐந்தாம் இலக்கப் பந்தே ஏற்றது. பாடசாலையில் உள்ள வலைப்பந்தும் ஏறத்தாழ அதே அளவானது, கேட்டு வாங்கலாம். உதைபந்தும் உதவும். மூன்று பந்து சேர்ந்தால் இருபத்துநான்கு பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தலாம். போதாததற்குப் பழந்துணியை இறுக்கிச் சுற்றி ஐந்தாறு பந்து கட்டிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பிள்ளைகளின் வீட்டுவேலையைப் பார்த்து வையுங்கள். தண்ணீர் அள்ளும் நேரத்தில் வைத்தால் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். வராதவர்களை விருப்பமில்லாதவர்கள் என்று பின்னர் நாமே சொல்லிக்கொள்வோம்.

ஒரு மணித்தியாலத்தின் முறை

முதல் பத்து நிமிடம் கிளித்தட்டு. உடலைச் சூடேற்ற வேறொன்றும் தேவையில்லை. கோட்டில் நின்று கையை விரித்து, பக்கவாட்டாகக் கால்வைத்து மறிக்கிறோமே, கூடைப்பந்தாட்டத்தில் எதிராளியை மறிப்பதும் அதே கால்வைப்புத்தான். தமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கும் பிள்ளை பயப்படாது.

அடுத்த பத்து நிமிடம் பந்தைத் தட்டுதல். பிள்ளைகளை நால்வர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரியுங்கள். மூன்று குழுக்கள் பந்து தட்டும். மற்ற மூன்றும் துணிப்பந்தை எறிந்து பிடிக்கும். பாதி நேரத்தில் மாறுங்கள். உள்ளங்கையால் அடிக்காமல் விரல்நுனிகளால் தட்டவேண்டும். முழங்காலைச் சற்று மடித்து, பந்தை இடுப்புக்கு மேலே விடாமல், பார்வையை நிமிர்த்தி வைக்கவேண்டும். நீங்கள் விரல்களை உயர்த்திக் காட்டுங்கள். பந்தைத் தட்டியபடியே எத்தனை என்று அவர்கள் சொல்லட்டும். பார்வை தானாக நிமிரும்.

அடுத்த பத்து நிமிடம் கொடுத்தல், வாங்கல். இரு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, ஒரு காலை முன்வைத்துத் தள்ளிவிடவேண்டும். நிலத்தில் குத்தி அனுப்புவதானால், தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் குத்தவேண்டும். வாங்குகிறவர் இரண்டு கைகளையும் காட்டவேண்டும். வாங்குகிறவரின் பெயரைச் சொல்லித்தான் பந்தைக் கொடுக்கலாம் என்று ஒரு கட்டளை வையுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சிலர் அன்றுதான் அறிந்துகொள்வார்கள்.

அடுத்த பத்து நிமிடம் கூடைக்கு எறிதல். பலம் காலிலிருந்து வரும். கை வழியை மட்டும் காட்டும். முழங்கையைப் பந்துக்குக் கீழே வைத்து, எறிந்தபின் மணிக்கட்டு முன்னே மடிந்து நிற்கவேண்டும். கூடைக்கு மிகக் கிட்ட நின்று தொடங்கி, இரண்டு தடவை விழுந்தபின் ஓரடி பின்வாங்கச் சொல்லுங்கள்.

பின்னர் பதினைந்து நிமிடம் ஆட்டம். பக்கத்துக்கு நால்வர். இரண்டு கூடைகளிலும் இரண்டு ஆட்டங்கள் நடக்கும். மூன்றாவது இடத்தில் எட்டுப் பேர் கூடையில்லாமல் ஆடுவர். பந்தைப் பறிகொடுக்காமல் பத்துத் தரம் கைமாற்றிய பக்கத்துக்கு ஒரு புள்ளி. ஐந்து நிமிடத்துக்கொருமுறை இடம் மாறுங்கள். முதல் நாளில் மூன்று விதிகள் போதும்: தள்ளக்கூடாது, பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது, பக்கத்திலுள்ள நால்வரும் தொட்டபின்பே கூடைக்கு எறியலாம். அணிகளைப் பிள்ளைகள் தெரிவுசெய்யக் கூடாது. அதை நீங்களே பிரியுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் வட்டமாக இருந்து தண்ணீர் குடிப்பது. இன்று யார் உனக்கு நல்ல பந்து தந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கூடைக்குள் போட்டவரைப் புகழ ஊர் முழுவதும் உண்டு. கொடுத்தவரை நீங்கள்தான் நினைக்கவேண்டும்.

நடத்துபவர்

பெரியவர்கள் இருவராவது நிற்கவேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நன்று. பயிற்சி பெற்றோர் வந்து பார்க்கக்கூடிய திறந்த இடத்தில் நடக்கட்டும். தடி வேண்டாம். பிள்ளை பிழைவிட்டால் செய்துகாட்டுங்கள். ஏசினால் அது பந்தை விட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பிள்ளை திடீரென்று ஒதுங்கி நின்றால் இழுத்துவராதீர்கள். பசியாக இருக்கலாம், வெடிச்சத்தம் போன்ற ஏதோவொன்று பழையதை நினைவூட்டியிருக்கலாம். விசிலைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நின்றாலும் அது அவ்விளையாட்டின் உள்ளேதான் இருக்கும்.

அந்தக் கிராமத்துக்கு அடுத்த கிழமையும் போனோம். இம்முறை மூன்று பந்தும், ஒரு தாளில் எழுதிய முறையும் கையில் இருந்தன. மரநிழலில் பாய் விரித்து, ஒரு பாட்டியைச் சின்னஞ்சிறிசுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அந்தச் சிறுமியிடம் போய், சென்ற கிழமை பிழை விட்டது நாமே என்று சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. தம்பியைப் பாயில் இருத்திவிட்டு வந்தாள். அன்று அவள் கூடைக்குள் ஒன்றும் போடவில்லை. ஆனால் எத்தனை தடவை பந்தைத் தொட்டாள் என்று நாம் எண்ணினோம். நாற்பதைத் தாண்டியபின் எண்ணுவதை விட்டுவிட்டோம். கெட்டிக்காரப் பையன்கள் இருவரும் தங்களுக்குப் பந்து குறைவாக வந்ததென்று முறைப்பட்டார்கள். மூன்றாம் கிழமை, சிறியவர்களுக்குக் கால்வைப்புக் காட்டும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தோம்.

உங்கள் குடியிருப்பிலும் ஒரு துண்டு நிலம் இருக்கும். ஒரு பழைய சைக்கிள் வளையம் இருக்கும். பெரிய திட்டமோ உதவிப்பணமோ வரும்வரை பார்த்திருக்கவேண்டாம். வரும் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, அதன் முறையை முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கடைசியாக வந்து நிற்கும் பிள்ளையின் கைக்கு எத்தனையாவது நிமிடத்தில் பந்து போகும்? பத்துக்கு மேல் என்றால், தாளைத் திருப்பி மீண்டும் எழுதுங்கள்.