விளக்கு எரிகிறது, வீடியோ வரவில்லை

நேரலைக்கு எல்லாம் தயார். கேமராக்கள் இணைந்த வீடியோ ஸ்விட்சருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நெட்வொர்க் கேபிள் செருகியாயிற்று. போர்ட்டில் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனாலும் லேப்டாப்பில் ஸ்விட்சர் தென்படவில்லை. நடுவில் இருப்பது ஒரு மீட்டர் கேபிள்தான். பிறகு என்ன தடை?

விளக்கு எரிந்தால் இரு முனைகளுக்கும் மின் தொடர்பு இருக்கிறது, அவ்வளவுதான். யாரிடம் நேராகப் பேசுவது என்பதை ஒவ்வொரு கருவியும் ஐ.பி. முகவரியையும் சப்நெட் மாஸ்க்கையும் வைத்துக் கணக்குப் போட்டே முடிவு செய்கிறது.

பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ஏட்டெம் ஸ்விட்சர்கள் பலவற்றில் 192.168.10.240 என்ற முகவரி முன்கூட்டியே பதிந்திருக்கும். வீட்டு ரவுட்டரிடம் முகவரி வாங்கிய லேப்டாப்புக்கு 192.168.1.25, மாஸ்க் 255.255.255.0 என்று வைத்துக்கொள்வோம். மாஸ்க்கில் 255 வரும் இடங்களில் இரு முகவரிகளும் ஒத்துப்போனால்தான் 'நம் தெரு ஆள்'. இங்கே மூன்றாவது எண் இடிக்கிறது: ஒன்றில் 1, மற்றதில் 10. ஆகவே, வெளியே போகவேண்டிய தகவல் என்று எண்ணி லேப்டாப் அதை ரவுட்டரிடம் தள்ளிவிடப் பார்க்கும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்விட்சரை அது கூப்பிடுவதே இல்லை! லேப்டாப்பின் முகவரியை 192.168.10.50 என்று நாமே மாற்றிக் கொடுத்தால் இரண்டும் பேசத் தொடங்கும். ஆனால் ஒரே முகவரியை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும்.

சில சமயம் கேமராவின் முகவரி 169.254 என்று தொடங்கும். அதை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். 'எனக்கொரு முகவரி கொடுங்கள்' என்று கருவி நெட்வொர்க் முழுவதும் கேட்டுப் பார்த்து, பதில் வராததால் 65,024 முகவரிகளில் ஒன்றைத் தானே பொறுக்கிக்கொள்கிறது. அதற்கு முன், 'இதை வேறு யாராவது வைத்திருக்கிறீர்களா?' என்றும் விசாரித்துக்கொள்கிறது. இந்த நடைமுறையின் விதிகள் 2005இல் ஆவணமாக வெளியாயின. ஆக, 169.254 கண்ணில் பட்டால் கேமராவைக் குடைய வேண்டாம். ரவுட்டர் ஓடுகிறதா, அதுவரை கேபிள் சரியாகப் போகிறதா என்று பாருங்கள்.

முகவரி சரியா என்று சோதிக்க 'பிங்' கட்டளை போதும். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983இல் எழுதிய சிறு நிரல் அது. ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லிவினாடியில் வருகிறது என்று அது சொல்லிவிடும்.

பிங்குக்குப் பதில் வருகிறது, கேமரா மட்டும் பட்டியலில் இல்லை என்றால் சிக்கல் வேறு. நெட்வொர்க் வழியே வீடியோ அனுப்பும் என்டிஐ போன்ற முறைகளில் கருவிகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ள 224.0.0.251 என்ற பொது முகவரியில் குரல் கொடுக்கின்றன. அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. லேப்டாப்பின் ஃபயர்வாலும் அதை மறிக்கலாம். விருந்தினருக்கான வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவே விடமாட்டார்கள்.

கடைசியாக, படம் வந்தும் திக்கித் திக்கி ஓடுவது. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளும், அதாவது நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். எனவே நீலமோ பழுப்போ ஒரு ஜோடி அறுந்தால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு எரியும், பிங்குக்குப் பதிலும் வரும். ஆனால் வினாடிக்கு 60 பிரேம் ஓடும் முழு எச்.டி. என்டிஐ வீடியோ 100 மெகாபிட்டுக்கு மேல் கேட்கும். அந்தப் பாதையில் அது அடங்காது. லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகத்தைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேபிள், முகவரி, பிங், ஃபயர்வால், வேகம் என்று கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒருசேர அணைத்துப் போட்டால் சில வேளை வேலை செய்யும். ஆனால் பழுது எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.