காவலும் குடியாட்சியும்

சித்திரைத் திங்களில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவின்போது, முல்லையாற்றங்கரையில் பெருந்திரளான மக்கள் கூடுவர். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் காவலரைத் தேடி ஓடுகிறாள். காவலர் நம்மைக் காப்பவர் என்னும் எண்ணம் இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆயினும் தேனி வட்டாரத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய மதுரை மாவட்டத்தில், காவலரைக் கண்டு ஊர்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அவ்வச்சம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு அகன்றது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

பிறப்பே குற்றமான காலம்

ஆங்கில அரசு 1871-இல் வடஇந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொணர்ந்தது. 1911-இல் அதனைச் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கியது. ஒருவன் திருடினானா என்று அச்சட்டம் கேட்கவில்லை. எக்குலத்தில் பிறந்தான் என்றே கேட்டது. அரசின் அறிவிப்பைத் தவறென உரைக்க எந்த நீதிமன்றத்திற்கும் அதிகாரமில்லை. பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் படிப்படியாக இச்சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். கைரேகை பதிதல் கட்டாயமாயிற்று. வெளியூர் செல்லச் சீட்டுப் பெறவேண்டும். ஆடவர் பலர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துறங்க வேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். 3.4.1920 அன்று காவலர் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுக்காக வாதாட முன்வந்தவர் ஜார்ஜ் ஜோசப் என்னும் கிறிஸ்தவ வழக்கறிஞர். கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த அவரை அம்மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்புடன் அழைத்தனர்.

வாக்குரிமை விரிந்தது

அதே 1920-இன் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடந்தது. ஆனால் சொத்தும் வரியும் உடைய சிலருக்கே வாக்கு இருந்தது. துப்பாக்கிக்கு இரையான ஏழைகளின் குரல் அம்மன்றத்தை எட்ட வழியில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளரின் எண்ணிக்கையைப் பெருக்கியது. முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து ஊர்தோறும் முழங்கினர். 1947-இல் சென்னை மாகாணம் அதனை நீக்கியது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1952 தொடக்கத்தில் முடிவுற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று நாடெங்கும் அச்சட்டம் ஒழிந்தது. வாக்குரிமை பரவப் பரவ, ஆள்வோர் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராயினர் என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என விதிக்கிறது. வழக்கறிஞரை நாடும் உரிமையையும் தருகிறது. பிறப்பினால் எவரும் குற்றவாளியல்லர் என்னும் நெறிக்கு இவையே வேலி.

இன்றைய கேள்வி

இன்று கைரேகையும் கருவிழியும் கணினியில் பதிகின்றன. தெருமுனையில் ஒளிப்படக் கருவி நம்மை நோக்குகிறது. கொலையையும் கொள்ளையையும் தடுக்க இவை பயன்படுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யாருடைய ரேகை, எதற்காக, யார் மேற்பார்வையில் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அச்சட்டம் ஒழிந்து பல்லாண்டுகள் கழிந்தும் அதன் நிழல் சிறை விதிகளில் தங்கியிருந்தது. சாதி பார்த்துச் சிறையாளரை நடத்தும் விதிகளை அந்நீதிமன்றம் 2024-இல்தான் செல்லாதெனக் கூறிற்று.

ஊரில் களவு நேர்ந்தவுடன், “அந்தத் தெருக்காரன்தான் செய்திருப்பான்” என்று நம் திண்ணையில் எழும் பேச்சும் அப்பழஞ்சட்டத்தின் எச்சமே. அதனை நம் இல்லத்திலேயே திருத்துவோம். பிள்ளைகளுக்குப் பெருங்காமநல்லூரின் வரலாற்றைச் சொல்வோம். தேர்தல் நாளில் தவறாது வாக்களிப்போம். மற்ற நாட்களில் ஆள்வோரைக் கேள்வி கேட்போம். வீரபாண்டித் திருவிழாவில் அத்தாய் அஞ்சாமல் காவலரை நாடும் நிலை என்றும் நீடிக்க, அதுவே வழி.