பெங்களூரு வாடகை வீடு: போட்டோவில் பெரிய ஹால், நேரில் சின்ன ஹால்... ஏன்?

வேலைக்காக பெங்களூருக்கு மாறுகிறீர்கள். வீட்டை ஆப்பில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். போட்டோவில் ஹால் கிரிக்கெட்டே ஆடலாம் போல இருக்கும். நேரில் போனால், சோபா போட்டதும் நடக்க இடமிருக்காது. பல மாத வாடகையை, சில இடங்களில் 10 மாதம் வரைகூட, அட்வான்ஸாகக் கேட்கும் ஊர் இது. அதனால் போட்டோவைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

போட்டோ பொய்யா?

எடிட் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. போனின் மெயின் கேமரா சுமார் 80 டிகிரி அகலத்தைப் பார்க்கும், 0.5 எக்ஸ் அல்ட்ரா-வைடு சுமார் 120 டிகிரி. மூலையில் நின்றால் சின்ன ரூமும் முழுசா அடங்கிவிடும். அருகிலுள்ள தரை பெரிதாக விரியும், எதிர்ச்சுவர் சின்னதாகும். சின்னதாகத் தெரிவதால் சுவர் தூரத்தில் இருப்பதாக மூளை நம்பிவிடும்.

ஓரத்தில் இருப்பவர் ஏன் குண்டாகத் தெரிகிறார்?

நேர்கோடுகளை நேராகவே காட்டி, இவ்வளவு அகலத்தைத் தட்டையான படத்தில் அடக்கினால் ஓரங்கள் இழுபடும். மையத்திலிருந்து 60 டிகிரி தள்ளி இருக்கும் பந்து, அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான முட்டையாகத் தெரியும். இது ஜியோமெட்ரி, விலை உயர்ந்த லென்ஸும் தப்பாது.

கோடுகள் வளைவது?

அது லென்ஸின் குறை. 1956-ல் கட்டி முடித்த விதான சவுதாவை எதிரே நின்று வைடு ஜூமில் எடுத்துப் பாருங்கள். நீண்ட படிக்கட்டின் கோடு வெளிப்புறமாக வளையலாம்; இது 'பேரல்' வளைவு. ஜூமை இழுத்தால் பல லென்ஸ்களில் அதே கோடு உள்பக்கம் வளையும், இது 'பின்குஷன்'. ஜூம் செய்யும்போது உள்ளே கண்ணாடிகள் நகர்வதால், எல்லா நிலைக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. இன்று சாஃப்ட்வேர் இதை நிமிர்த்திவிடும். ஆனால் ஓரத்து இழுவை போகாது. 40 அடித் தூண்கள் உள்பக்கம் சாய்வதாகத் தெரிந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். கேமராவை அண்ணாந்து பிடித்ததுதான் காரணம்.

டோக்கன் அனுப்பும் முன்...

• ஓரத்தில் உள்ள ஃபிரிட்ஜ் அளவுக்கு மீறி அகலமா? வாஷ்பேசின் முட்டை மாதிரி இழுபட்டிருக்கிறதா? அல்ட்ரா-வைடு படம்தான்.

• தரை டைல்ஸை எண்ணுங்கள். பல ஃபிளாட்களில் ஒரு டைல் 2 அடிக்கு 2 அடி. நீளத்தில் 5 டைல் என்றால் ரூம் 10 அடிதான். டைல் அளவை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லென்ஸ் எப்படி இழுத்தாலும் டைல்களின் எண்ணிக்கை மாறாது.

• வீடியோ காலில் 1 எக்ஸ்-ல் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அங்கிருக்கும் நண்பரை டேப்போடு அனுப்புங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு போதும்.