ஆய்வின் பெருமையை அளப்பது எங்ஙனம்?



ஓர் ஆய்வாளரின் பெயரைச் சொன்னதும், "எத்தனை கட்டுரைகள் எழுதினார்? அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர்?" என்று வினவுவது இன்றைய உலக வழக்கு. பிள்ளை வகுப்பிலிருந்து வெளியே வந்ததும் "எத்தனை புள்ளி?" என்று நாம் கேட்பதும் ஏறக்குறைய இதுவே. இவ்வெண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாது விடுகின்றன என்பதை ஒரு வரலாற்றின் வழியே காண்போம்.

நீர், காற்று முதலிய ஓடும் பொருள்கள் பாயிகள் எனப்படும். தேநீரைக் கரண்டியால் வேகமாகக் கலக்கிப் பாருங்கள். பெருஞ்சுழி உடைந்து சிறுசுழிகளாகும். அவையும் உடைந்து மேலும் சிறியனவாகும். இறுதியில் பாயியின் பிசுபிசுப்பு அவ்வியக்கத்தை வெப்பமாக மாற்றிவிடும். இக்கொந்தளிப்பிற்கு ஓர் ஒழுங்கு உண்டா என்ற வினா அறிஞர்களை நெடுங்காலம் திகைக்க வைத்தது.

1903இல் பிறந்த ருஷ்ய கணித மேதை அந்திரேய் கொல்மொகோரொவ், 1941ஆம் ஆண்டில் இதுபற்றி மூன்று சிறு கட்டுரைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றும் சில பக்கங்களே. கொந்தளிப்பு மிக வலிதாயின், சிறுசுழிகள் தாம் பிறந்த இடத்தை மறந்துவிடுகின்றன. ஆறாயினும் காற்றாயினும் அவை ஒரே விதிக்கு அமைகின்றன என்றார் அவர். அருகருகே உள்ள இரு புள்ளிகளின் வேக வேறுபாட்டை வர்க்கித்துச் சராசரி காண்க. புள்ளிகளின் இடைத்தூரம் 8 மடங்கானால், அச்சராசரி 4 மடங்காகும். எத்துணை எளிய விதி!

ஆனால் அதே 1941இல் ஜெர்மனியப் படைகள் சோவியத் நாட்டினுள் புகுந்தன. மொஸ்கோவின் ஆய்வு நிலையங்கள் கசான் நகருக்கு இடம்பெயர்ந்தன. போர் நடுவே அக்கட்டுரைகளை வெளிநாட்டார் பெரிதும் அறிந்திலர்.

1945இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கேம்பிறிட்ஜுக்குப் படிக்க வந்த ஜோர்ஜ் பட்செலர் என்னும் இளைஞர், அங்கு ஒரு நூலகத்தில் அக்கட்டுரைகளின் ஆங்கிலப் பதிப்பைக் கண்டார். அவற்றின் அருமையை உணர்ந்தார். 1946இல் பாரிஸ் மாநாட்டில் எடுத்துரைத்தார். 1947இல் விரிவான விளக்கம் எழுதினார். அதன் தலைப்பிலேயே கொல்மொகோரொவின் பெயரைப் பொறித்தார். மேற்கோள் என்பதன் உண்மைப் பொருள் இதுவன்றோ? 'இதனை நான் இவரிடமிருந்து பெற்றேன்' என்னும் நன்றியறிதலே மேற்கோள்.

பட்செலர் 1956இல் பாயி இயக்கவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1962இல் அவ்விதழிலேயே கொல்மொகோரொவ் தம் பழைய கொள்கையைத் திருத்தி எழுதினார். லண்டாவ் என்ற அறிஞர் முன்னரே எழுப்பிய ஆட்சேபத்தையும் அதில் மறைக்காது குறிப்பிட்டார். தம் குறையைச் சுட்டியவருக்கும் உரிய இடம் அளித்த பெருமை அது.

2005இல் 'எச் சுட்டெண்' என்னும் அளவுகோல் வந்தது. ஒருவரின் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் சுட்டெண் 10. கொல்மொகோரொவ் அம்மூன்று கட்டுரைகளை மட்டுமே எழுதியிருந்தால், ஆயிரமாயிரம் பேர் எடுத்தாண்டாலும் அவர் சுட்டெண் 3ஐத் தாண்டியிராது! இன்று பலர் அவர் விதியைப் பெயரளவில் சொல்லி, மூலக்கட்டுரையைக் குறிப்பிடாமலே பயன்படுத்துகின்றனர். அவையும் கணக்கில் வாரா. எண் பயனற்றதன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

ஊரில் பௌதிகவியல் கற்பித்த காலத்தில், கணக்கின் விடையையே முதலில் நோக்கினேன். இன்று இவ்வகுப்பில் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தும்போது, "இதை எங்கே வாசித்தாய்?" என்றே முதலில் வினவுகிறேன். "அம்மம்மா சொன்னவ" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அதுவும் நேர்மையான மேற்கோளே. நூல்களை விட்டு ஓடிவந்த எனக்கு, ஒரு நூலகத்தில் காத்திருந்த சில பக்கங்களின் கதை வெறும் விஞ்ஞானச் செய்தியாகத் தோன்றவில்லை.

பிள்ளைகளே, குறைவாக எழுதினாலும் நிறைவாக எழுதுங்கள். பெற்ற இடத்தை மறவாது சொல்லுங்கள். பெற்றோர்களே, இன்று மாலை "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன், "யாரிடம் என்ன கற்றாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.