சிவப்பு விளக்குக்கு முறைக் காய்ச்சல்!

விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு வைத்தியர் முதலில் கேட்பது, "எப்போது வருகிறது?" என்பதுதான். பழைய லாரியில் டிரைவருக்கு எதிரே எரிந்து எரிந்து அணையும் ஆயில் விளக்கையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

வளைவில் திரும்பும்போது எரிகிறதா? ஆயில் குறைந்திருக்கலாம், அது ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பிறகு, இஞ்சின் மெதுவாக ஓடுகையில் எரிகிறதா? ஆயில் நீர்த்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். குண்டு குழியில் மட்டும் மினுக்குகிறதா? ஒயர் உராய்ந்து இரும்பில் படுகிறதோ என்னவோ! இஞ்சினை நிறுத்தி, ஆயில் சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஒயரை அசைத்துப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் குற்றம் ஒயரில்தான். எரியாவிட்டால், சுவிட்ச் இருந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டி அளந்துவிட வேண்டும்.

"சுவிட்சுதான் கெட்டிருக்கும்" என்று அலட்சியமாக ஓட்டலாகாது. பல லாரிகளில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 5 பவுண்டாகக் குறைந்த பிறகே விளக்கு எரியும். ஓட்டத்தில் எரிந்தால் உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள்; அளவுக் குச்சியைப் பாருங்கள். ஒரே லாரியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, இஞ்சின் போனால் அடுப்பும் அல்லவா அணைந்துவிடும்?